நல்லதண்ணியின் மென்னீரும் மீன்தொட்டியும்

மஸ்கெலியாவிலிருந்து சிவனொளிபாதமலைக்குச் செல்லும் வழியில், மலையடிவாரத்தில் நல்லதண்ணி அமைந்துள்ளது. மார்கழிப் பூரணை முதல் வெசாக் பூரணை வரையுள்ள பருவத்தில் யாத்திரிகர் அங்கிருந்தே 2,243 மீற்றர் உயரமுள்ள சிகரத்தை நோக்கி ஏறுவர். ஊரின் பெயர் பொய்யன்று. அங்குப் பீலிகளில் விழும் நீர் தெளிவானது. அதிற் பருப்பு விரைவில் வேகும். சவர்க்காரம் நன்கு நுரைக்கும். கேத்தலின் அடியில் வெண்படலம் படிவதில்லை. குடிக்கவும் சமைக்கவும் இதனினும் சிறந்த நீரை எளிதிற் காண இயலாது.

எனினும் அதே நீரை ஒரு சிறு கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, செடி நட்டு, மீன் விட்டு வளர்ப்போர் சிலருக்கு ஓர் ஏமாற்றம் நேருகின்றது. நாலைந்து மாதம் தொட்டி செழிப்பாக இருக்கும். பின்னர் மீன்கள் சோர்வுறும். ஒருநாட் காலையில் அனைத்தும் மிதக்கும். நீரோ அப்பொழுதும் தெளிவாகவே இருக்கும். நோய் என்றும் கண்ணூறு என்றும் பலவாறு கூறப்படினும், பெரும்பாலும் காரணம் நீரின் இரசாயனமே. மண்ணுக்கு டொலமைற்று இட்டுப் பழகிய கமக்காரருக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. வீட்டுத் தொட்டிக்கும், அலங்கார மீனும் நீர்ச்செடியும் வளர்த்து விற்று உபவருமானம் பெற எண்ணுவோரின் தொட்டிகளுக்கும் விதி ஒன்றே.

மென்னீரின் இயல்பு

மத்திய மலைநாட்டின் பாறைகள் பெரும்பாலும் எளிதிற் கரையாத உருமாறிய பாறைகளாகும். மழையோ மிகுதி. ஆகையால் மண்ணிலிருந்த சுண்ணம் நெடுங்காலமாகக் கழுவுண்டு போயிற்று. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிராதலின் அதற்கு இது தீங்கன்று. கோவா, பீற்றூட், லீக்ஸ் பயிரிடுவோரோ ஆண்டுதோறும் டொலமைற்று இட வேண்டியுள்ளது. இம்மண்ணினூடாக வடிந்து வரும் நீரிற் கல்சியம், மகனீசியம், இருகாபனேற்று ஆகியன மிகக் குறைவு. இதுவே மென்னீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடியிற் சுண்ணக்கல் இருத்தலால் கிணற்று நீர் வன்னீராகின்றது.

நீரின் புளிப்பை அளக்கும் பி.எச். பெறுமானம் மண்பரிசோதனை செய்வித்தோர் அறிந்ததே. 7 நடுநிலை, அதற்குக் கீழே ஒவ்வோர் எண் குறையும்போதும் புளிப்புப் பத்து மடங்காகும். ஆயினும் தொட்டி வளர்ப்போர் பி.எச். பெறுமானத்தினும் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது வேறொன்றுண்டு. அது புதிதாகச் சேரும் அமிலத்தை ஏற்றுக்கொண்டு பி.எச். மாறாது நிற்கும் ஆற்றலாகும். அதனைத் தாங்குதிறன் எனலாம். நீரில் அதனைத் தருவது முக்கியமாக இருகாபனேற்று. மணற்பாங்கான நிலத்தில் அமோனியம் சல்பேற்று சிறிதளவு இடினும் விரைவிற் புளிப்பேறும். களிநிலம் நெடுங்காலம் அதனைத் தாங்கும். மென்னீர்த் தொட்டி மணல் நிலத்தை ஒத்தது.

இவ்வுவமை வெறும் உவமையன்று. அமோனியம் சல்பேற்று மண்ணைப் புளிக்கச் செய்வதும், மீனின் கழிவு தொட்டி நீரைப் புளிக்கச் செய்வதும் ஒரே செயலால் நிகழ்வன. மீன் தன் பூக்களினூடாக அமோனியாவை வெளியேற்றும். மண்ணிலும் நீரிலும் வாழும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும். அமோனியாவும் நைத்திரைற்றும் மீனுக்கு நஞ்சு. நைத்திரேற்று அவ்வளவு தீங்குடையதன்று, செடிக்கும் உணவு. இம்மாற்றத்தின்போது அமிலம் தோன்றித் தாங்குதிறனை உண்டுவிடும். அமோனியாவாக உள்ள நைதரசன் ஒரு மில்லிகிராம் மாறுவதற்கு, கல்சியம் காபனேற்றாகக் கணக்கிடின், ஏறக்குறைய 7 மில்லிகிராம் தாங்குதிறன் செலவாகும்.

தாங்குதிறனின் வரவு செலவு

60 சதமமீற்றர் நீளமும் 30 சதமமீற்றர் அகலமும் 35 சதமமீற்றர் உயரமும் உள்ள தொட்டியில், மணலும் மேல்வெளியும் நீங்க, ஏறக்குறைய 50 லீற்றர் நீர் கொள்ளும். பீலி நீரின் தாங்குதிறன் லீற்றருக்கு 20 மில்லிகிராம் எனக் கொள்வோமாயின் தொட்டியின் மொத்தக் கையிருப்பு 1,000 மில்லிகிராம்.

இனிச் செலவைக் காண்போம். நாளொன்றுக்கு ஒரு கிராம் மீனுணவு இடப்படுகின்றது. அதிற் புரதம் நூற்றுக்கு 40 பங்கு. புரதத்தில் ஆறில் ஒரு பங்களவு நைதரசன். ஆகவே 64 மில்லிகிராம் நைதரசன் தொட்டியுட் செல்கின்றது. அதிற் பாதி அமோனியாவாக வெளிவருமாயின் நாளொன்றுக்கு ஏறக்குறைய 220 மில்லிகிராம் தாங்குதிறன் செலவாகும். ஐந்து நாளில் கையிருப்பு முடிந்துவிடும்! லீற்றருக்கு 250 மில்லிகிராம் தாங்குதிறனுள்ள வன்னீராயின் அதே தொட்டி எட்டு வாரம் தாக்குப்பிடிக்கும். இது தோராயக் கணக்கே; செடிகள் நன்கு வளரும் தொட்டியில் அவை அமோனியாவையும் நைத்திரேற்றையும் ஏற்றுக்கொள்வதால் செலவு குறையும். ஆயினும் மலைநாட்டில் தொட்டி வைப்போர் எத்துணைச் சிறிய முதலில் வாணிகம் நடத்துகின்றனர் என்பதை இக்கணக்குக் காட்டும்.

வாரந்தோறும் பத்து லீற்றர் நீரை மாற்றினாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். நீர் மாற்றுதல் நைத்திரேற்றையும் அழுக்கையும் குறைக்கும், அதனை விடலாகாது. ஆனால் பழைய நீருக்குப் பதிலாக வருவதும் மென்னீரே ஆதலின் தாங்குதிறனுக்கு அதனால் வரும் வரவு அற்பம்.

ஆகவே முதலிற் செய்ய வேண்டியது உணவைக் குறைத்தல். ஐந்தாறு சிறு மீன்களுள்ள தொட்டிக்கு நாளொன்றுக்குக் கால் கிராம் தாராளமாகப் போதும். இரண்டு நிமிடத்தில் உண்டு முடியாத உணவு மீனுக்கு இட்டதன்று, பற்றீரியாவுக்கு இட்டதே. கால் கிராமாயின் வாரச் செலவு 385 மில்லிகிராமாகக் குறையும். ஒரு கிராம் அப்பச்சோடா ஏறக்குறைய 600 மில்லிகிராம் தாங்குதிறனைத் தருமாதலால், வாரத்துக்கு இரண்டு சிட்டிகை சோடாவை ஒரு குவளை நீரிற் கரைத்து, நீர் மாற்றும் நாளிற் சிறிது சிறிதாக ஊற்றினால் கணக்கு நேராகும்.

நாள்தோறும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் சோடா இடுவது மறந்துபோகும். அதனினும் நன்று, கழுவிக் காயவைத்துச் சிறிது நொறுக்கிய சிப்பியோட்டையோ முட்டையோட்டையோ ஒரு பிடியளவு துணிப்பையிற் கட்டி, நீரோட்டம் படும் இடத்தில் தொங்கவிடுதல். நீர் புளிக்கப் புளிக்க அது கரையும். புளிப்பு நீங்கினால் கரைவது நிற்கும். டொலமைற்றுக் கல்லும் இவ்வாறே பயன்படும். செடிக்கு வேண்டிய மகனீசியத்தையும் அது தரும். தூளாக்கிய டொலமைற்று நீரைக் கலக்குமாதலால் சிறு கற்களே ஏற்றவை. சுட்ட சுண்ணாம்பையும் நீற்றிய சுண்ணாம்பையும் ஒருபோதும் இடலாகாது. அவை பி.எச். பெறுமானத்தை நொடியில் உயர்த்தி மீனைக் கொல்லும்.

ஓர் இரவில் நேரும் கேடு

தாங்குதிறன் தீர்ந்த தொட்டியில் பி.எச். 6க்குக் கீழிறங்கியதும், கழிவை மாற்றும் பற்றீரியாக்களின் வேலை மிக மந்தமாகும். அமோனியா சேரத் தொடங்கும். வியப்பு யாதெனில், புளிப்பு நீரில் அது மீனை உடனே கொல்வதில்லை. புளிப்பில் அமோனியா ஏறக்குறைய முழுவதும் அமோனியம் என்னும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். 25 பாகை செல்சியசு வெப்பத்தில், நஞ்சான வடிவு பி.எச். 6இல் பதினாயிரத்துக்கு 6 பங்கு. 7இல் ஆயிரத்துக்கு 6 பங்கு. 8இல் நூற்றுக்கு 5 பங்குக்கும் சற்று அதிகம்.

தொட்டிக்குரியவர் மீன்கள் சோர்ந்திருப்பதைக் கண்டு இரங்கி, பாதி நீரை இறைத்துவிட்டு, சோடாவையும் கைநிறைய இட்டுப் புதுநீர் நிரப்புகின்றார். பி.எச். 6இலிருந்து 8க்குத் தாவுகின்றது. அமோனியாவின் மொத்த அளவு பாதியாகக் குறைந்தும், நஞ்சான பங்கு நாற்பது மடங்குக்கும் மேலாகின்றது. விடிவதற்குள் மீன்கள் மாளும். நல்லெண்ணத்தோடு செய்த சிகிச்சையே கொன்றது.

இத்தகைய தொட்டியை மீட்பதற்கு அவசரம் ஆகாது. இரண்டு மூன்று நாள் உணவை நிறுத்துக. நாள்தோறும் ஐந்து லீற்றர் நீரை மட்டும், அதே பீலி நீரால், ஒரு வாரம் மாற்றுக. அமோனியா இவ்வாறு குறைந்த பின்னரே சோடாவைத் தொடங்குக; அதுவும் நாளொன்றுக்கு ஒரு சிட்டிகைக்கு மேற்படாது. அலங்கார மீன் விற்கும் கடைகளிற் கிடைக்கும் பரிசோதனைத் தாள்களால் பி.எச். பெறுமானத்தையும் தாங்குதிறனையும் வாரமொருமுறை பார்த்துக் குறித்து வைத்தல் நன்று. ஊற்று நீரிற் காபனீரொட்சைட்டு மிகுதியாகக் கரைந்திருக்கக்கூடுமாதலால், பிடித்தவுடன் அளந்தால் பி.எச். தாழ்வாகத் தோன்றும், ஒருநாள் வாயகன்ற பாத்திரத்தில் வைத்திருந்து அளக்க வேண்டும். குளோரீன் இட்ட குழாய் நீரையும் அவ்வாறே ஒருநாள் திறந்து வைத்தல் வேண்டும்.

புதுத் தொட்டியில் இப்பற்றீரியாக்கள் பெருகுவதற்கு மூன்று முதல் ஆறு வாரம் செல்லும். மலைநாட்டுக் குளிரில் இன்னும் தாமதமாகலாம். தொட்டி அமைத்த மறுநாளே மீனை நிறைத்தல் நாற்றங்காலின்றி நடவுக்கு நாள் குறித்தது போலாகும்.

பகலும் இரவும்

பகல் வெளிச்சத்தில் செடிகள் நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் பி.எச். உயரும், இரவில் எல்லா உயிர்களும் அதனை வெளிவிடுவதால் தாழும். தாங்குதிறன் குறைந்த நீரில் இவ்வேற்றத்தாழ்வு பெரிது. நெல் வயலிலும் இதுவே நிகழ்கின்றது. தேங்கிய நீரிற் பாசி படர்ந்தால் நண்பகலில் பி.எச். 9ஐயும் தாண்டும், அப்பொழுது நீர்மேல் வீசிய யூரியா அமோனியாவாகி ஆவியாய்ப் போய்விடும். நீரை வடித்துவிட்டு யூரியாவைச் சேற்றுடன் கலக்கச் சொல்வதன் காரணம் இது. மீன்தொட்டியில் அமோனியா மீனைக் கொல்கின்றது. வயலிற் கமக்காரரின் பணத்தைக் கொண்டுபோகின்றது. தொட்டியை நேர் வெயிலில் வையாது, நாளொன்றுக்கு எட்டு மணிநேர அளவான வெளிச்சம் கொடுத்தாற் போதும்.

ஏற்ற செடியும் மீனும்

மென்னீர் என்பதற்காக வருந்த வேண்டியதில்லை. இந்நீருக்கென்றே அமைந்த உயிர்கள் இந்நாட்டில் உள்ளன. சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த கிரிப்டோகொரைன் செடிகளிற் பல இலங்கைக்கே உரியன. ஈரவலயத்து நிழலான ஓடைகளில் வளர்வன. உலகெங்கும் தொட்டி வளர்ப்போரால் விரும்பப்படுவன. நீரின் தன்மை திடீரென மாறினால் இவற்றின் இலைகள் இரண்டு நாளிற் கூழாகக் கரைந்துவிடும். செடி செத்ததென்று பிடுங்கி எறிதல் தவறு. வேர் உயிரோடிருக்கும், கரைந்த இலையை மட்டும் நீக்கிவிட்டுக் காத்திருந்தால் சில வாரங்களில் புதுத் தளிர் வரும். பிடுங்கி நட்ட நாற்று வாடித் தெளிவதைக் கண்டவருக்கு இது புதிதன்று.

சிவனொளிபாதமலையில் ஊற்றெடுக்கும் மஸ்கெலி ஓயாவின் நீர் இறங்கிக் களனி கங்கையாகின்றது. அவ்வாற்றுப் படுகையின் தாழ்ந்த ஓடைகளிற் சிங்களத்தில் புலத் ஹப்பயா எனப்படும் சிறு மீன் வாழ்கின்றது. வெற்றிலை மெல்லுபவன் என்பது அப்பெயரின் பொருள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் தலை சிவந்திருப்பதால் வந்தது. மென்னீர்த் தொட்டிக்கு இது மிக ஏற்றது. குளிர் மிகுந்த மாதங்களிற் சிறு வெப்பமூட்டி தேவைப்படும். தங்கமீன் குளிரைத் தாங்குமெனினும் பேருணவும் பெருங்கழிவும் உடையது. 50 லீற்றர்த் தொட்டிக்கு ஆகாது.

செடியையும் மீனையும் காட்டோடையிற் பறித்து வருதல் கூடாது. சிவனொளிபாதக் காடு 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. பண்ணையிற் பெருக்கியவற்றையே வாங்குக. வேண்டாத மீனை ஓயாவில் விடுவதும் தீது.

தெளிமருந்து வாளி

1946இல் இலங்கைத் தேயிலையிற் கொப்புள நோய் தோன்றியதன்பின் செப்புக் கலந்த பூஞ்சணக் கொல்லிகள் மலைநாட்டில் வழக்கத்துக்கு வந்தன. மரக்கறித் தோட்டங்களிலும் அவை தெளிக்கப்படுகின்றன. வன்னீரில் உள்ள கல்சியமும் காபனேற்றும் செப்பின் நஞ்சை ஓரளவு அடக்கும். மென்னீரில் அக்காவல் இல்லை. மிகச் சிறிய அளவும் மீனுக்குக் கேடு. மருந்து கலந்த வாளியில், எத்தனை முறை கழுவியிருந்தாலும், தொட்டிக்கு நீர் எடுத்தலாகாது. மருந்து தெளித்த சரிவுக்குக் கீழுள்ள பீலியில் மழை பெய்த இரண்டொரு நாட்களுக்கு நீர் பிடியாதிருத்தலும் வேண்டும். தொட்டிக்கென ஒரு வாளியை ஒதுக்கி, நிறம் பூசி அடையாளமிட்டு, வீட்டாரனைவரும் அறியுமாறு தனியிடத்தில் வைத்துக்கொள்க.

வாரந்தோறும் தொட்டியினின்று எடுக்கும் பத்து லீற்றர் பழைய நீரிற் செடியுணவாகிய நைத்திரேற்று உள்ளது. அதனை வடிகாலில் ஊற்றாது கீரைப் பாத்திக்கு ஊற்றுக.