முகட்டுக்குள்ளே வயர் இழுக்கும் விதம்: கருவிகளும் கவனமும்



இம்முறை பாடத்துக்கு நாம் எடுத்திருப்பது, சீலிங்குக்கு மேலே கை எட்டாத இடத்தில் மின்சார வயரை எப்படிக் கொண்டு போவது என்ற விஷயம். "இது வயரிங் பாஸ்மாரின் வேலைதானே, எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம்முடைய லயங்களில் நடப்பது என்ன? புதுசாக ஒரு பல்ப் போடவேணும், டி.வி.க்கு ஒரு பிளக் வேணும் என்றால், பக்கத்துக் காம்பராத் தம்பி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, சீலிங் ஓட்டைக்குள் வயரை விட்டுத் தள்ளுகிறார். அது எங்கே போய் நிற்குது, எதைத் தொட்டுக்கொண்டு கிடக்குது என்று யாரும் பார்ப்பதில்லை. பல்ப் எரிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பு.

லயத்து முகட்டின் அமைப்பை முதலில் யோசித்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பல லயங்களில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போவதில்லை. சீலிங்குக்கு மேலே ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே வெளி. வயர் இழுக்கிறவருக்கு அது வசதிதான். அதே வெளி தீக்கும் வசதி. "மின்னொழுக்கினால் லயம் எரிந்தது" என்று பத்திரிகையில் வாசிக்கிறோமே, ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு முழு லயத்தையும் சாம்பலாக்குவது இந்த முகட்டு வழியால்தான். பிள்ளைகளின் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சீட்டுக் காசு எல்லாம் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடும்.

இன்னொன்று, தகரக் கூரை. வயரின் மேலுறை தகர விளிம்பில் உரசிக் கிழிந்தால் கூரை முழுவதும் மின்சாரம் ஏறும். அந்தக் கூரை மரத்தில்தான் நாம் உடுப்புக் காயப்போடும் கம்பியைக் கட்டியிருக்கிறோம். மழை நாளில் ஈரச் சேலையோடு அந்தக் கம்பியைப் பிடிக்கிறவருக்கு என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

எனது ஊர் யாழ்ப்பாணத்துப் புத்தூர். அங்கே இதே பிரச்சினை வேறு கோலத்தில் இருந்தது. பழைய வீடுகளுக்குப் பனங்கைமரம், பனஞ்சிலாகை, மேலே ஓடு. கீழே பலகை சீலிங். 1990இல் மறுபடியும் யுத்தம் மூண்ட பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் விட்டுப் படித்த தலைமுறை எங்களுடையது. ரேடியோ கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றுவோம். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. 1996இல் சனம் திரும்பி வந்து பார்த்தால், பல வீடுகளில் சுவிட்ச் இருக்கும், வயர் இருக்காது. வயர் இருந்த வீடுகளில் அது இருந்தும் பிரயோசனமில்லை. பழைய ரப்பர் உறை வயர் காய்ந்து, தொட்டால் பொருக்குப் பொருக்காக உதிரும். மிச்சத்தை எலி கடித்திருக்கும். அதற்குள்ளே சுன்னாகத்து மின்சாரத்தைக் கொடுத்தால் வீடு கொளுத்துவதற்குச் சமம்.

தேசிய மின்வலையமைப்போடு குடாநாடு திரும்பவும் சேர்ந்தது 2009இல் யுத்தம் முடிந்த பிறகுதான். இடையில் இருந்த காலத்தில், சீலிங் பலகையைக் கழற்றாமல் புது வயர் இழுப்பது ஊரில் ஒரு தனி வித்தையாகவே வளர்ந்தது. பழைய பலகையைக் கழற்றினால் திரும்பப் பொருந்தாது, புதுப் பலகை வாங்கக் காசும் இல்லை.

(கெஹெல்கமு ஓயாத் தண்ணீரில் லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். அந்த மின்கம்பிகளுக்குக் கீழே இருந்த நம்முடைய லயங்களில் குப்பிலாம்பு எரிந்த காலம் எவ்வளவு நீளம் என்பதை மூத்தவர்கள் சொல்வார்கள். அது வேறு கதை.)

இனிக் கருவிகளைப் பார்ப்போம்.

முதலாவது, இழுப்புக் கம்பி. கடையில் 'டிரோ வயர்' என்றோ 'பிஷ் டேப்' என்றோ கேட்டால் தருவார்கள். மீன் பிடிக்கத் தூண்டில் விடுவதுபோல முகட்டுக்குள் விட்டுப் பிடிப்பதால் அந்தப் பேர். தட்டையான உருக்கு நாடா ஒன்று சக்கரத்தில் சுற்றியிருக்கும். 15 மீற்றர், 30 மீற்றர் நீளங்களில் வரும். அதே மாதிரி நைலோன் கம்பியும் உண்டு. நான் நைலோனைத்தான் சிபாரிசு செய்வேன். உருக்கு நாடா தற்செயலாக உயிருள்ள வயரில் பட்டால் மின்சாரம் நேரே கைக்கு வரும். நைலோன் மின்சாரத்தைக் கடத்தாது. குழாய்க்குள் வளைவுகளைக் கடக்கவும் அது நல்லது. காசு இல்லாதவர்கள் ஜீ.ஐ. கம்பியைப் பாவிக்கிறார்கள். அப்படியானால் நுனியைக் குறட்டால் மடித்துச் சின்ன உருண்டை வளையமாக்க வேணும். கூர் நுனியோடு விட்டால் ஒன்றில் மரத்தில் குத்தி நிற்கும், இல்லாவிட்டால் அங்கே கிடக்கிற வேறு வயரைக் கிழிக்கும்.

இரண்டாவது, தள்ளு கோல். ஒரு மீற்றர் அளவு நீளமான பைபர் கோல்கள், ஒன்றோடொன்று புரியால் பூட்டலாம். நுனியில் கொக்கி, காந்தம், வளையம் என்று மாற்றி மாற்றிப் போடலாம். சிலது இருட்டில் மினுங்கும், அதனால் தூரத்தில் நிற்கிறவர் கண்டுபிடிப்பது லேசு. இதைத் திருப்பும்போது எப்போதும் புரி இறுகும் பக்கமாகவே திருப்புங்கள். மற்றப் பக்கம் திருப்பினால் நடுவில் கழன்று, முன் துண்டு முகட்டுக்குள்ளேயே தங்கிவிடும். பழைய கோல் என்றால் பைபர் சிலும்பு கையில் ஏறும், கையுறை போடவேணும்.

எங்கள் ஊரில் இந்தக் கோல் ஒன்றும் கிடையாது. மாங்காய் பிடுங்கும் கொக்கத்தடிதான். நீளத் தடியின் நுனியிலுள்ள கொக்கியில் வயரை மாட்டி, கைமரத்துக்கு மேலால் நீட்டி, மற்றக் கோடியில் நிற்கிறவரிடம் கொடுப்பார்கள். மலையகத்தில் காய்ந்த மூங்கில் அதே வேலையைச் செய்யும். பச்சை மூங்கில் வேண்டாம், ஈரம் இருக்கும். 20 மில்லிமீற்றர் பீ.வி.சி. குழாயைப் பொருத்தி நீட்டினாலும் சரி.

மூன்றாவது, பாரமும் நூலும். சீலிங்கிலிருந்து பலகைச் சுவரின் உள்பக்கமாகக் கீழே சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு வயர் இறங்க வேண்டுமானால் இதற்கு மிஞ்சிய கருவி கிடையாது. உறுதியான நைலோன் நூலில் ஒரு நட்டைக் கட்டி இறக்கவேணும். நட்டு எங்காவது தங்கினால் பழைய சைக்கிள் செயின் துண்டைக் கழுவித் துடைத்துக் கட்டுங்கள். செயின் வளைந்து வளைந்து இறங்கும், எங்கே வருகிறது என்று சத்தமும் கேட்கும். கீழே துளையின் வாயில் பழுதாய்ப்போன ஸ்பீக்கரின் காந்தத்தைப் பிடித்தால் செயின் தானாக வந்து ஒட்டும். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும் வேலை.

பிள்ளை மடுவம், கோயில் மண்டபம் போன்ற நீளக் கட்டடங்களில் ரப்பர் பந்தில் நூலைக் கட்டி எறிவதும் உண்டு. நூல் போய்ச் சேர்ந்தால் நூலால் கயிறு, கயிற்றால் வயர்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்குதே, அதை மறந்துவிடக் கூடாது. துளைக்குள்ளே போனை நீட்டி, டோர்ச்சைப் போட்டு வீடியோ எடுத்துப் பார்த்தால் உள்ளே என்ன கிடக்குது என்று தெரியும். முக்கியமாகக் குளவிக் கூடு. கொழுந்து மலையில் குளவி கொட்டி நாம் பட்ட பாடு போதும், முகட்டுக்குள் ஓடித் தப்பவும் இடமில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் வௌவாலும் சாரைப்பாம்பும்.

வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் லயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. உங்கள் மெயினை நிறுத்தினால் உங்கள் வயர் மாத்திரம்தான் நிற்கும். அடுத்த காம்பராக்காரரின் வயரும் அதே முகட்டுக்குள் உயிரோடு கிடக்கும். ஆகவே இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி, அவர்கள் மெயினையும் நிறுத்திய பிறகே கோலை உள்ளே விடவேணும். இரவில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

சீலிங் தகட்டில் காலை வைக்காதீர்கள். ஈரமாகி இற்றுப்போன தகடு ஆளைத் தாங்காது. இரண்டு கைமரத்துக்குக் குறுக்கே பலகை போட்டு அதில்தான் இருக்கவேணும். தகடு அஸ்பெஸ்டஸ் என்றால் கூடுதல் கவனம். அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருஷம் கழித்துத்தான் வருத்தத்தைக் காட்டும். மின் துளைகருவியால் வேகமாகத் துளைக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து, கைத்துளைகருவியால் மெதுவாக, மூக்கைக் கவசத்தால் மூடிக்கொண்டு செய்யுங்கள். விழுந்த தூளைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். முடிந்தால் அஸ்பெஸ்டசைத் தொடாமல் மரச்சட்டத்தின் பக்கமாகவே துளைக்கு இடம் பாருங்கள்.

வயரைக் கம்பியில் கட்டுவதில் பலர் அவசரப்படுகிறார்கள். மூன்று அங்குலம் மேலுறையை உரித்து, செம்பை வளையத்துக்குள் விட்டு மடித்து முறுக்குங்கள். எல்லா வயரையும் ஒரே இடத்தில் மடித்தால் முடிச்சுப் பெரிதாகும், கொஞ்சம் முன்னே பின்னே மடிக்கவேணும். பிறகு டேப்பை வழுவழுப்பாகச் சுற்றுங்கள், மீன் தலை மாதிரி முன்பக்கம் ஒடுங்கியிருக்க வேணும். குழாய்க்குள் இறுக்கமாக இருந்தால் முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவலாம். தேங்காயெண்ணெய், கிரீஸ் கூடாது, அவை வயரின் உறையைக் கெடுக்கும். ஒருவர் தள்ள, மற்றவர் இழுக்க. "இழு", "நில்" என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறு கதை வேண்டாம். வராவிட்டால் முரட்டுத்தனமாக இழுக்காமல் கொஞ்சம் பின்னே தள்ளித் திரும்ப இழுங்கள்.

குழாய்க்குள் பழைய வயர் இருந்தால் அதைச் சும்மா உருவி எறிந்துவிடாதீர்கள். அதன் நுனியில் புது வயரையும் ஒரு நூலையும் கட்டி இழுத்தால் அதுவே இழுப்புக் கம்பி.

எந்த வயர்? லைட்டுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67. உயிர், நியூட்ரல், ஏர்த் மூன்றையும் ஒரே தடவையில் இழுக்கவேணும். "ஏர்த் பிறகு போடலாம்" என்று விட்டால் அது எந்தக் காலமும் வராது. பழைய நிறம் சிவப்பு, கறுப்பு, பச்சை. புது நிறம் மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள். இரண்டும் கலந்து கிடக்கும் வீடுகளில் நிறத்தை நம்பி எதையும் தொடாதீர்கள். ஸ்பீக்கர் வயரைக் கரண்டுக்கு இழுப்பதைப் பல தோட்டங்களில் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அது பாட்டுக் கேட்கிற வயர், ஹீட்டர் போடுகிற வயர் இல்லை.

முகட்டுக்குள் வயர் வெறுமனே கிடக்கக் கூடாது. எலி விடாது. பீ.வி.சி. குழாய்க்குள் போகவேணும், அந்தக் குழாயைக் கைமரத்தில் கிளிப் அடித்துப் பிடிக்க வேணும். விறகடுப்புக்கு மேலால் கொண்டுபோக வேண்டாம். சூடும் கரியும் சேர்ந்து உறையை இளக்கிவிடும், சுற்றுவழி என்றாலும் தள்ளியே போகட்டும். சீலிங்குக்குள் மறைவாக வயரை முறுக்கி டேப் சுற்றி ஒட்டுப்போடுவது பெரிய ஆபத்து. ஒட்டு வருமானால் பெட்டிக்குள், கை எட்டுகிற இடத்தில் வரட்டும்.

கடைசி இணைப்பை, அதாவது போர்டில் பூட்டுவதையும் சோதிப்பதையும், சான்றிதழ் உள்ள மின்னியலாளரிடம் விடவேணும். இழுப்பு வேலையை நீங்கள் சரியாகச் செய்து வைத்தால் அவருடைய கூலி பாதியாகக் குறையும். இதில் விருப்பமுள்ள பிள்ளைகள் சாதாரண தரத்தோடு வீட்டில் இருக்காமல், தொழிற்பயிற்சி அதிகார சபையின் மின்னியலாளர் பயிற்சியைப் பற்றி விசாரியுங்கள். என்.வி.கியூ. மட்டம் 3 சான்றிதழோடு வந்தால் கொழும்புக் கடையில் மூட்டை தூக்கத் தேவையில்லை. பொம்பிளைப் பிள்ளைகளும் படிக்கலாம். ஒடுங்கிய முகட்டுக்குள் போகும் வேலைக்குச் சிறிய உடம்பு வசதிதான்.

போர்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அமர்த்திப் பாருங்கள். உடனே விழவேணும். விழாவிட்டால் மாற்றுங்கள். 30 மில்லி அம்பியர் என்று எழுதியதையே வாங்குங்கள்.

வேலை முடித்துத் துளையை மூடுமுன், வயரோடு சேர்த்து ஒரு நைலோன் நூலையும் குழாய்க்குள் விட்டு வையுங்கள். இரண்டு நுனியையும் கட்டி, இழுத்த தேதியையும் எந்தக் காம்பராவின் வயர் என்பதையும் பெட்டி மூடியின் உள்பக்கம் பேனையால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை வயர் மாற்ற வருகிறவருக்கு அந்த நூல் ஒன்றே போதும்.