சுரங்கத்துக்குள் நீச்சலா?

கேள்வி: கைவிடப்பட்ட சுரங்கத்தில் ஸ்கூபா டைவிங் போகிறார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பான் டெர் என்ற ஊரில் பழைய ஈயச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. 1960-களில் மூடியதும் பம்புகளை நிறுத்திவிட்டார்கள். ஊற்றுநீர் ஏறி கீழ்த்தளங்கள் மூழ்கின. கூரையைத் தாங்க வெட்டாமல் விட்ட பாறைத் தூண்கள், தாது வண்டிகள் எல்லாம் நீருக்கடியில் அப்படியே கிடக்கின்றன. மேலே விளக்கு போட்டு, வழிகாட்டியோடு இறக்குகிறார்கள். வருடம் முழுக்கச் சுமார் 14 டிகிரி குளிர். அலை இல்லாததால் தண்ணீர் பளிங்கு. ஆனால் துடுப்பு தரையில் உரசினால் வண்டல் கிளம்பிக் கண்ணை மறைத்துவிடும். தலைக்கு மேல் பாறை. பதறினாலும் நேரே மேலே வர வழியில்லை. அதனால் இத்தகைய இடங்களில் சிலிண்டர் காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, மிச்சம் ஆபத்துக்கு என்பது கணக்கு. கடலில் பழகாதவர் இதை முதலில் முயல்வது வீண் வம்பு.