ஜெர்மனியில் முதல் வேலை: புதிதாக வந்த முஸ்லிம்களுக்கு முழுமையான வழிகாட்டி

படி 1: முதலில் மொழி

அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு உண்டு. வழக்கமாக 600 பாடவேளை ஜெர்மன் மொழி, 100 பாடவேளை நாட்டின் சட்டமும் வரலாறும். இலக்கு பி1 எனும் இடைநிலை மொழித்திறன். கடைக்கும் பேருந்துக்கும் அது போதும். படிப்பு தேவைப்படும் வேலைகளுக்குப் பெரும்பாலும் அதற்கு அடுத்த நிலையான பி2 கேட்பார்கள். கிடங்கு வேலை உடனே கிடைக்கலாம். ஊரில் குடும்பம் பணத்துக்குக் காத்திருக்கையில் அதைத் தள்ளிவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேலை முடிந்தபின் மாலை நேர மொழி வகுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டவர்கள் பலர் கிடங்கிலேயே தங்கிவிடுகிறார்கள்.

படி 2: கையிலுள்ள தகுதியை மதிப்பிடச் செய்யுங்கள்

வெளிநாட்டுத் தொழில் தகுதியை ஜெர்மன் தகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கோரும் உரிமையை 2012-ஆம் ஆண்டின் அங்கீகாரச் சட்டம் தந்தது. எந்த நாட்டுக் குடியுரிமை என்று அது பார்ப்பதில்லை. மருத்துவர், செவிலியருக்கு இந்த அங்கீகாரம் கட்டாயம். மென்பொருள் வேலைக்குத் தேவையில்லை. பகுதி அங்கீகாரம் வந்தால் சோர வேண்டாம், குறையுள்ள பாடத்தை மட்டும் பயின்று முடிக்கலாம். சிரியாவிலிருந்து ஆவணமின்றித் தப்பிவந்த தச்சருக்கும் வழி உண்டு: வேலையைச் செய்துகாட்டித் திறமையை நிறுவலாம்.

படி 3: இளைஞரா? அவுஸ்பில்டுங்

இது தொழிற்பயிற்சி: நிறுவனத்தில் வேலை, தொழிற்பள்ளியில் பாடம், கூடவே ஊதியம். 2 முதல் 3½ ஆண்டுகள்.

படி 4: விண்ணப்பமும் ஹிஜாபும்

பாகுபாடு இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. பொருளியலாளர் டோரிஸ் வைக்செல்பௌமர் ஒரே தகுதி, ஒரே பெண்ணின் படத்தோடு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார். 2016-இல் வந்த முடிவு: ஜெர்மன் பெயருக்கு 18.8% நேர்காணல் அழைப்பு, துருக்கியப் பெயருக்கு 13.5%, அதே பெயரோடு ஹிஜாபும் இருந்தால் 4.2%. தகுதியில் குறை இல்லாமலே கதவு மூடுகிறது என்பதைச் சகோதரிகள் மனதில் வையுங்கள். விண்ணப்பத்தில் படம் வைப்பது சட்டப்படி கட்டாயமல்ல. மதத்தைக் காட்டி மறுத்தால் 2006-இன் சம நடத்தைச் சட்டம் துணைநிற்கும். ஆனால் மறுப்பு கிடைத்த 2 மாதத்துக்குள் இழப்பீட்டை எழுத்தில் கோர வேண்டும். மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள், உடனே பாகுபாடு எதிர்ப்பு ஆலோசனை மையத்தை நாடுங்கள்.

படி 5: தொழுகை, மது, பெருநாள்

மதுப் புட்டிகளை அடுக்க மறுத்த முஸ்லிம் கடைப் பணியாளரின் வழக்கில், அவருக்கு வேறு வேலை தர முடியுமா என்று முதலாளி முதலில் பார்க்க வேண்டும் என 2011-இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது. எதைச் செய்ய இயலாது என்பதைத் தொழிலாளியும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஆகவே ஜும்ஆ நேர இடைவேளை, பெருநாள் விடுப்பு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பேசிவிடுங்கள்.