கோலமிட்ட கை

நுழையும்முன்

பொழுதுபோக்கு என்னும் சொல் பொழுதை வீணே கழிப்பது போன்ற பொருளையும் தந்துவிடுகிறது. ஆனால், யாரும் ஏவாமல், மதிப்பெண்ணை எதிர்பாராமல், ஆண்டுக்கணக்கில் ஒருவர் செய்துவரும் செயல் சான்றிதழ் சொல்லாத பலவற்றை அவரைப் பற்றிச் சொல்லும். அதனைக் கல்லூரியின் வாயிலில் எடுத்துக்காட்டுவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

*

திருபுவனத்தில் பட்டு நெசவாளர் குடும்பத்து மாணவி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஏழாம் வகுப்பு முதல் அவர் கோலங்களை நோட்டில் வரைந்து வருகிறார். மார்கழியில் வாசலில் இடும் கோலம் வெயில் ஏறும்முன் காலடியில் கலைந்துவிடும். நோட்டில் இருப்பது மட்டுமே எஞ்சும். பன்னிரண்டாம் வகுப்பை அவர் எட்டும்போது ஆறு நோட்டுகள் நிறைந்துவிட்டன. வடிவமைப்புப் படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தந்தைக்கோ, மகள் வணிகவியல் பயின்று வங்கிப் பணிக்குச் செல்ல வேண்டும் என்பது எண்ணம். தறியின் வருவாய் குறைந்துவருவதை நாள்தோறும் காண்பவர் அவர். “ஏம்மா, கோலம் போடுவதற்கெல்லாம் கல்லூரியில் இடம் கொடுப்பார்களா?” என்று அவர் கேட்பதில் ஏளனம் இல்லை, அச்சமே இருக்கிறது.

அக்கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும். எல்லாக் கல்லூரிகளும் கொடுப்பதில்லை. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்கிறது. அங்குக் கோல நோட்டுக்கு வேலையில்லை. கலை, வடிவமைப்புக் கல்வி நிறுவனங்களின் நிலை வேறு. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்ற பள்ளியின் தொடர்ச்சியாகும். வண்ண ஓவியம், சிற்பம், சுடுமண் கலை, துணி வடிவமைப்பு முதலிய பிரிவுகளைக் கொண்ட அக்கல்லூரி, மாணவரின் வரைதிறனைச் சோதித்தே சேர்க்கிறது. 1961இல் அகமதாபாத்தில் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனமும் தனித் தகுதித் தேர்வு நடத்துகிறது. தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனமோ, கொடுத்த பொருள்களைக் கொண்டு குறித்த நேரத்திற்குள் ஒரு மாதிரியை உருவாக்கச் சொல்லும் தேர்வினையும் வைத்திருக்கிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் அவ்வாண்டின் தகவல் கையேட்டைப் படித்தல் முதற்கடன்.

இத்தேர்வுகள் அழகான படத்தை மட்டும் தேடுவதில்லை. அமெரிக்காவில் உள்ள ரோடு ஐலண்டு வடிவமைப்புப் பள்ளி, சேர விரும்புவோர் மிதிவண்டி ஒன்றை வரைந்து அனுப்ப வேண்டும் என நெடுங்காலம் கேட்டுவந்தது. மிதிவண்டியை அறியாதார் யார்? நம் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு அரசே விலையில்லாமல் வழங்குகிறது. எனினும் நினைவிலிருந்து வரையச் சொன்னால் பலர் சங்கிலியை முன்சக்கரத்திலும் மாட்டிவிடுவர். சட்டத்தின் குழாய்களை எங்கெங்கோ இணைத்துவிடுவர். நாள்தோறும் ஏறிச் செல்வது வேறு, உற்றுக் காண்பது வேறு. பள்ளி நாள்களில் திரைப்பட நடிகரின் ஒளிப்படத்தைப் பார்த்து மயிரிழை பிசகாமல் வரைவோர் உண்டு. அது பொறுமைக்குச் சான்றாகுமே அன்றி, காணும் திறனுக்குச் சான்றாகாது.

கோலம் இவ்வகையில் வளமான கலை. 15 புள்ளியில் தொடங்கி, ஊடுபுள்ளியாக 8 வரை குறைத்து வைப்பவர் அறுகோணம் ஒன்றைக் கட்டுகிறார். சிக்குக் கோலத்தில் இழை எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவர வேண்டும். புறப்பட்ட இடத்திலேயே வந்து முடியவும் வேண்டும். இதில் ஒழுங்கான இலக்கணம் இருப்பதைக் கண்ட கிப்ட் சிரோமனி, இராணி சிரோமனி ஆகிய பேராசிரியர்கள் 1970களில் கோலங்களைக் கணினியியல் ஆய்வுக்கு உட்படுத்தினர். வாசலில் பெண்கள் இட்ட வடிவங்கள் ஆய்விதழ்களில் இடம்பெற்றன. ஆகவே, கோல நோட்டு ஓவியக் கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. கணிதம் பயில விரும்பும் மாணவரும் அதனைத் தம் ஆர்வத்துக்குச் சான்றாகக் காட்டலாம்.

ஆறு நோட்டுகளையும் கட்டித் தூக்கிச் செல்வதால் பயனில்லை. தேர்ந்தெடுத்தலே இதில் கடினமான பகுதி. படைப்புத் தொகுப்புக் கேட்கும் கல்லூரிகள் பெரும்பாலும் குறைந்த எண்ணிக்கையையே கேட்கின்றன. மேற்சொன்ன அமெரிக்கப் பள்ளி கேட்பது 12 முதல் 20 படைப்புகள் வரை. ஒரே வகையான பத்துத் தாமரைக் கோலங்களைவிட, ஒரு கோலம் தவறிய பக்கமும் அது திருத்தப்பட்ட அடுத்த பக்கமும் மிகுதியாகப் பேசும். இழை மூடாமல் நின்ற இடம் எது, எந்தப் புள்ளியில் வழி மாறியது என்று ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பை அழித்துவிடுதல் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் நாள் இருத்தல் நலம். வளர்ச்சியைக் காட்ட அதைவிட எளிய வழி இல்லை.

ஓவியர் கே.எம். ஆதிமூலம் இங்கு நினைக்கத்தக்கவர். 1938இல் திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்து, சென்னையில் ஓவியக் கல்வி பெற்றவர். வண்ண ஓவியங்களும் தீட்டிய அவருக்குத் தொடக்கத்தில் பெயர் தேடித் தந்தவை கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களே. காந்தியடிகளின் உருவத்தையே பொருளாகக் கொண்டு அவர் வரைந்த வரிசை பலரும் அறிந்தது. ஒரு பொருளை விடாமல் பற்றி, மீண்டும் மீண்டும் வரைவதால் பிறக்கும் ஆழத்தை அவ்வரிசையில் காணலாம்.

விண்ணப்பத்தில் எழுதும் தன்விளக்கமும் இத்தகையதே. ‘சிறு வயது முதல் எனக்குக் கலையில் ஆர்வம் மிகுதி’ என்பதை ஆயிரம் பேர் எழுதுவர். ‘எங்கள் தெருவில் 23 வாசல்களின் கோலங்களை ஒரு மார்கழி முழுவதும் படியெடுத்தேன், அவற்றுள் இரண்டு மட்டுமே அச்சிட்ட கோலப் புத்தகத்தில் இல்லாதவை’ என்பதை அதனைச் செய்தவர் மட்டுமே எழுத முடியும். செய்யாததை எழுதினால் நேர்காணலின் இரண்டாம் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

அம்மாணவி, தம் சிக்குக் கோலம் ஒன்றைப் புடவைக் கரையாக மாற்ற முயல்கிறார். தயங்கித் தயங்கித் தந்தையிடம் காட்டுகிறார். அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்க்கிறார். “வளைவு இப்படியே தறியில் வராது அம்மா. ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை. படிப்படியாகத்தான் வளைக்க வேண்டும்” என்று கூறி, கட்டத்தாளை எடுத்து ஜக்கார்டு அட்டைக்கு வரைவதுபோல் ஒரு மூலையை அவரே நிரப்பிக் காட்டுகிறார். மற்ற மூன்று மூலைகளை மகள் நிரப்புகிறார். வணிகவியல் படிவமும் மேசையில்தான் இருக்கிறது. தந்தை அதனை எடுத்து வைக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

அந்தக் கட்டத்தாள் தொகுப்பின் கடைசிப் பக்கமாகிறது. அதன் கீழே மாணவி எழுதுகிறார்: ‘இடப்புற மேல்மூலை என் தந்தை வரைந்தது.’

கற்பவை கற்றபின்...

உங்கள் தெருவில் காணும் கோலங்களுள் ஒன்றைப் படியெடுத்து, அதன் புள்ளி அமைப்பை எழுதுக. அதனை இட்டவரிடம் யாரிடம் கற்றார் எனக் கேட்டு, அவர் பெயருடன் குறித்துவைக்க.

பார்க்காமல் ஒரு மிதிவண்டியை வரைக. பின்னர் உங்கள் மிதிவண்டியின் அருகில் அமர்ந்து மீண்டும் வரைக. இரண்டு படங்களையும் அழிக்காமல் வகுப்பில் காட்டுக.