காலையில் நொண்டும் குழந்தை

மூட்டுவாதம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பால்மரம் சீவித் தேய்ந்த பாட்டியின் முழங்கால்தான். ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்த நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1990களில், மூன்று வயதான என் தங்கை காலையில் எழுந்ததும் வலது முழங்காலை நீட்ட முடியாமல் நொண்டுவாள். பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். மாலையில் கோயில் திடலில் ஓடுவாள். சுளுக்கு என்று பாட்டி எண்ணெய் தேய்த்தார். அம்மா வேலை முடிந்து மதியத்திற்கு மேல்தான் கிளினிக்கிற்குத் தூக்கிப் போவார். அங்கே அவள் நன்றாக நடந்து காட்டுவாள். 'வளர்ச்சி வலி' என்று அனுப்பிவிடுவார்கள். ஏழு மாதங்கள் இப்படியே கழிந்தன.

அவளுக்கு வந்தது இளம்பருவ மூட்டழற்சி. 16 வயதுக்குள் தொடங்கி, குறைந்தது 6 வாரங்கள் நீடித்து, வேறு காரணம் எதுவும் புலப்படாத மூட்டு அழற்சிக்கு இப்பெயர். குழந்தைகளின் மூட்டுநோய் பெரியவர்களுடையதிலிருந்து வேறுபடலாம் என்பதை, 22 குழந்தைகளைப் பற்றி 1897இல் வெளியிட்ட கட்டுரையில் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் எடுத்துக்காட்டினார்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. இரவெல்லாம் அசையாதிருந்த மூட்டு விறைக்கிறது. நடக்க நடக்கத் தளர்கிறது. வளர்ச்சி வலியோ பெரும்பாலும் இரவில் இரு கால்களிலும் வரும், விடிந்தால் மறையும், வீக்கமோ நொண்டலோ இராது.

இந்நோய் கண்ணையும் தாக்கக்கூடும். சிவப்போ வலியோ இல்லாமலே பார்வையைக் கெடுக்கும் என்பதால், கண் மருத்துவரிடம் தவறாமல் பரிசோதிப்பது கட்டாயம். இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஒருநாள் அம்மா பெரட்டுக்குப் போகவில்லை. விடியுமுன்பே தங்கையைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறினார். எட்டு மணிக்கு மருத்துவர் அவள் நடையை நேரில் கண்டார். அன்றே நோய் பிடிபட்டது.

இன்று மூட்டுக்குள் போடும் ஊசி, வாரம் ஒருமுறை மட்டுமே தரும் மெத்தோட்ரெக்சேட், அதுவும் போதாதவர்களுக்கு உயிரியல் மருந்துகள் எனப் பல வழிகள் உள்ளன. செலாயாங் மருத்துவமனையில் இதற்கெனக் குழந்தை மருத்துவ நிபுணர்கள் இருக்கின்றனர். ஆயினும் தங்கையின் வலது முழங்கால் இன்றும் முழுதாக நீளாது. அந்த ஏழு மாதங்களை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. நம் மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அங்கே பாடம் சொல்லிக் கொடுக்கச் செல்லும் மாணவ நண்பர்களே, காலையில் நொண்டும் குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டால், அந்த நடையைக் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோடு திடீரென நடக்க மறுத்தால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.