சுண்ணாம்பு அல்லாத வெண்கல்
(மக்னீஷிய மண்ணும் வடிகாலும்)

சேலம் நகருக்கு வடமேற்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், வெட்டுண்டு வெள்ளை வெளேரென்று கிடக்கும் கரடுகளை நமது அங்கத்தினர்களில் பலர் பேருந்தில் செல்லுகையில் பார்த்திருக்கக்கூடும். ஆங்கிலேயர் அவற்றுக்குச் 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணாம்புக் குன்றுகள், என்று பெயரிட்டனர். பெயரே பிழையானது. அங்குள்ள வெண்கல் சுண்ணாம்பன்று; மாக்னசைட் என்னும் மக்னீஷியம் கார்பனேட். எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய, நெருப்பைத் தாங்கும் செங்கற்கள் செய்வதற்கு அது மிகவும் உகந்த பொருள். ஆனால் வயலுக்குச் சுண்ணாம்பு செய்யும் வேலையை அது செய்யாது.

இந்தப் பெயர்ப் பிழையில் நானும் ஒருமுறை வழுக்கி விழுந்தேன் என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சங்கத்தைத் தணிக்கை செய்தபோது, ஓர் அங்கத்தினரின் கடன் விண்ணப்பத்தில் 'மரவள்ளி நிலத்துக்குச் சுண்ணாம்பு' என்று எழுதியிருந்தது. நிலம் ஈரம் கட்டுகிறது, பயிர் மஞ்சளாகிறது என்று அவர் காரணம் சொன்னார். நானும் ஆட்சேபணை எழுதவில்லை. மறு ஆண்டு சென்றபோது தவணை நிலுவையில் இருந்தது, கிழங்கு அழுகியிருந்தது. வயல் வரப்பில் மீதியாகக் கிடந்த தூளை எடுத்துப் பார்த்தேன். 'சேலத்துச் சுண்ணாம்பு' என்று மலிவாக வந்த சரக்கு, மாக்னசைட் தூள்!

அந்தக் கரடுகளின் இயல்பை முறையாகப் படிக்க என்னைத் தூண்டியது இச்சம்பவமே.

சேலத்துக் கரடுகளின் அடிப்பாறை டூனைட் என்பது. பூமியின் ஆழத்திலிருந்து வந்த கனத்த பாறை. இரும்பும் மக்னீஷியமும் மிகுந்தது. இத்தகைய பாறைக்குள் நீர் புகுந்து நெடுங்காலம் வேலை செய்யும்போது அது செர்ப்பென்டைன் என்னும் பாறையாக மாறுகிறது. பச்சையும் கருமையும் கலந்து, வழுவழுப்பாக, பாம்பின் தோலைப்போல் வரியோடிக் காணப்படுவதால் இப்பெயர். இலத்தீன் மொழியில் பாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது இது.

இப்பாறை சிதைந்து உண்டாகும் மண்ணில் மூன்று தீமைகள் ஒருங்கே குடியிருக்கின்றன. முதலாவது, சுண்ணாம்புச் சத்தாகிய கால்ஷியம் குறைவு; மக்னீஷியம் அதைவிட மிகுதி. சாதாரண நல்ல நிலத்தில் மண் துகள்களைப் பற்றியிருக்கும் கால்ஷியம் மக்னீஷியத்தைப்போல் பல மடங்காக இருக்கும். இங்கே கணக்கு தலைகீழ். மக்னீஷியமும் பயிருக்கு வேண்டியதுதான். ஆயினும் அது அளவு மீறும்போது வேர் கால்ஷியத்தை உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது. இரண்டாவது, தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துக்களும் இம்மண்ணில் பெரும்பாலும் மெலிந்தே இருக்கும். மூன்றாவது, நிக்கல், குரோமியம் போன்ற கன உலோகங்கள். சாதாரண மண்ணில் பத்து லட்சம் பங்குக்குச் சில பத்துப் பங்குகள் மட்டும் காணப்படும் நிக்கல், இத்தகைய மண்ணில் ஆயிரம் பங்கையும் தாண்டுவதுண்டு.

இவற்றோடு வடிகாலும் மந்தமாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. மேட்டில் சிதைந்த பாறையிலிருந்து கரையும் மக்னீஷியம் மழைநீருடன் இறங்கித் தாழ்வில் தங்குகிறது. அங்கே நீரில் ஊறி வீங்கி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் ஒருவகைக் களி உண்டாகிறது. மேலே ஈரம், உள்ளே மூச்சு விடக் காற்றில்லை. இந்நிலத்தை எந்நாளும் நீர் நிற்கும் சதுப்பு என்று சொல்ல முடியாது. உலர்ந்த மேட்டு நிலம் என்றும் சொல்ல முடியாது. பயிர்ப் பருவத்தில் பல நாட்கள் நீர்மட்டம் வேருக்கு அருகில் வந்து நின்று, பின் மெல்ல இறங்கும். மண் நூலார் இதைச் 'சற்றே வடிகால் குறைந்த நிலம்' என்ற வகுப்பில் சேர்ப்பர். மேலே நடந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் இதன் சூது. மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். ஓரடி, ஒன்றரை அடிக்குள்ளேயே சாம்பல் நிறமும், அதனூடே துருப்பிடித்த ஆணிபோன்ற செம்புள்ளிகளும் தென்பட்டால், நீர் அங்கு வந்து தங்கிப் போகிறது என்று கொள்ளலாம்.

தாவரங்களே சில இடங்களில் சாட்சி சொல்லுகின்றன. இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் உஸ்ஸன்கொட என்றொரு செர்ப்பென்டைன் வெளி உண்டு. 2010 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் புதர்க்காடு அடர்ந்திருக்க, அந்தச் செம்மண் வெளியில் மட்டும் செடிகள் தரையோடு தரையாகக் குறுகிக் கிடக்கின்றன. நாம் மருந்துக்குப் பறிக்கும் விஷ்ணுகிரந்தி அங்கு நிக்கலைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு வாழ்வதாக ஆராய்ந்தோர் கண்டனர். இத்தாலியில் டஸ்கனிப் பிரதேசத்தில் இத்தகைய செடியொன்றை 1948 இலேயே சோதித்துக் கூறினர். ஆகவே, இவ்வித நிலங்களில் மூலிகை பறிப்போர் யோசித்துப் பறிப்பது நலம்.

பரிகாரம் என்ன? சுண்ணாம்புச் சத்து தர வேண்டும். அதற்கு ஜிப்சம் ஏற்றது. அது நமக்குத் தொலைவான சரக்கன்று. பழைய திருச்சி ஜில்லாவின் ஊட்டத்தூர்ப் பக்கத்துக் களிமண்ணில் கிடைப்பது. ஜிப்சத்திலுள்ள கால்ஷியம் களியைப் பற்றியிருக்கும் மக்னீஷியத்தைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் அமருகிறது. தள்ளப்பட்ட மக்னீஷியம் நீரில் கரையும் உப்பாகிறது. இங்கேதான் பலர் தவறுகின்றனர். அந்த உப்பு வெளியேற வழி இல்லாவிட்டால் அது வயலிலேயே சுற்றிச் சுற்றி வரும். ஜிப்சத்துக்குக் கொடுத்த பணம் சேற்றில் போட்டதாகும். முதலில் வடிகால் வாய்க்கால், அதன் பின்பே ஜிப்சம். மேட்டிலிருந்து கசிந்து வரும் நீரை வயலுக்குள் நுழையுமுன் மறிக்கும்படி சரிவுக்குக் குறுக்கே வெட்டிய வாய்க்கால் மிகவும் பயன்படும். தொழு உரமும் தாராளமாக வேண்டும். டோலமைட் தூளை இந்நிலத்தில் இடலாகாது. அதில் கால்ஷியத்தோடு மக்னீஷியமும் சேர்ந்தே வருகிறது.

சரக்கை வீட்டிலேயே சோதிக்கலாம். சுண்ணாம்புக்கல் தூளின்மீது எலுமிச்சைச் சாறோ காடியோ விட்டால் நுரை பொங்கும். மாக்னசைட் அநேகமாக அசையாமல் கிடக்கும். சுட்ட சுண்ணாம்பானால் நுரைக்காது. ஆனால் நீர் விட்டதும் கொதிக்கும்.

மற்றொன்று. 2015 முதல் வழங்கப்பட்டுவரும் மண்வள அட்டையில் பன்னிரண்டு விவரங்கள் உள்ளன. கார அமில நிலை, உப்பு, தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம் முதலியன அவற்றுள் அடங்கும். கால்ஷியமும் மக்னீஷியமும் அவற்றில் இல்லை! அட்டை பார்த்து நிலம் நன்று என்று முடிவு கட்டும் அங்கத்தினர் இதைக் கவனிக்க வேண்டும். மண் மாதிரிப் பையுடன் 'கால்ஷியம், மக்னீஷியம் இரண்டும் வேண்டும்' என்று தனியே எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

நெசவாளர் அங்கத்தினர் இதைத் தமக்குச் சம்பந்தமில்லாத விஷயமென்று தள்ளிவிட வேண்டாம். மக்னீஷியம் மிகுந்த கிணற்று நீர் கடின நீர். அதில் நூலை அலசினால் சோப்பு நுரைக்காமல் திரிந்து பிசுக்காக இழையில் ஒட்டும். அதன்மேல் ஏற்றும் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சாயத்தைக் குறை கூறுமுன் நீரைப் பார்ப்பது நன்று.

இனி நம் கள்ளக்குறிச்சிக்கு வருவோம். கல்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னகைட் என்னும் கருங்கல் இனத்தால் ஆனது; சேலத்துக் கரடுபோன்றதன்று. ஆகையால் அடிவாரத்தில் ஈரங்கட்டும் நிலத்தையெல்லாம் மக்னீஷிய மண் என்று அஞ்ச வேண்டியதில்லை. மேற்சொன்ன அங்கத்தினரின் மண்ணைச் சோதித்ததில் கால்ஷியம் போதிய அளவே இருந்தது. அவருக்குச் சுண்ணாம்பே தேவைப்படவில்லை! குழி வெட்டியபோது ஓரடியிலேயே துருப்புள்ளிகள் தெரிந்தன. குறை வடிகாலில் இருந்தது. மாக்னசைட் தூள் எளிதில் கரையாததால் மண்ணுக்குப் பெருங்கேடு நேரவில்லை; கடன்தான் நின்றது. அதற்கு அவரோடு நானும் பொறுப்பாளி.

சென்ற ஐப்பசி மழைக்கு முன் அவர் தம் மக்களுடன் சேர்ந்து மேற்குப் பக்கம் வாய்க்கால் வெட்டினார். கார்த்திகையில் போய்ப் பார்த்தேன். வாய்க்காலில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. மரவள்ளியை உடனே வைக்காமல் ஒரு போகம் கேழ்வரகு போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு தவணை இன்னும் பாக்கி.