பீட்டில்ஸுக்கு முந்திய ஒரு பாட்டு

அன்புள்ள யாழினிக்கு,

நீயும் உன் தோழிகளும் சேர்ந்து போட்ட மெட்டு எங்கேயோ கேட்டது போலவே இருக்கிறது என்று நீ சங்கடப்படுவதாக உன் அம்மா சொன்னாள். மெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. அதற்கு முன் ‘இன் ஸ்பைட் ஆஃப் ஆல் தி டேஞ்சர்’ என்ற பாட்டைக் கேள்.

1958 ஜூலையில் லிவர்பூலில் பெர்சி பிலிப்ஸ் என்பவர் தம் வீட்டில் நடத்திவந்த சிறிய ஸ்டுடியோவில் பதிவானது அது. பீட்டில்ஸ் என்ற பெயர் அப்போது பிறக்கவில்லை. குழுவின் பெயர் குவாரிமென். ஜான் லெனனுக்கு வயது 17, பால் மெக்கார்ட்னிக்கு 16, ஜார்ஜ் ஹாரிசனுக்கு 15. பியானோவில் ஜான் லோ, டிரம்ஸில் காலின் ஹான்டன். கட்டணம் பதினேழரை ஷில்லிங். கிடைத்தது ஒரே ஒரு இசைத்தட்டு.

எல்லாருக்கும் சேர்த்து ஒரே மைக். இந்தக் காலம் மாதிரி குரலைத் தனியாக ஏற்றி, டிரம்ஸைத் தனியாக இறக்க முடியாது. டிரம் சத்தம் மற்றதையெல்லாம் அமுக்கியதால் அதன்மேல் ஒரு ஸ்கார்ஃபைப் போட்டு வாசித்ததாக ஹான்டன் சொல்லியிருக்கிறார். முதல் தடவை ஜான் லெனனின் குரலோடு மட்டும் போ. இரண்டாம் தடவை அவரை விட்டுவிட்டு, பின்னால் ‘ஆ’ என்று இழைந்து வரும் குரல்களைப் பிடி. பிற்பாடு உலகமே கொண்டாடிய அந்தச் சேர்ந்திசை அங்கே முளைவிட்டிருப்பது உனக்கே கேட்கும்.

எல்விஸ் பிரெஸ்லியின் ‘டிரையிங் டு கெட் டு யூ’வையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார். சாயல் பளிச்சென்று தெரியும். பாலே அதை மறைத்ததில்லை. பிடித்த பாட்டுக்காரரின் நடையில் ஒரு பாட்டைக் கட்டுவதுதான் அவர்களுக்குப் பயிற்சியாக இருந்தது. எல்விஸிடம் இல்லாதது எது என்று தேடு. என் காதுக்கு அது அந்தப் பின்குரல்கள்தான்.

அந்தத் தட்டு ஆளுக்கு ஒரு வாரமாகக் கைமாறி, கடைசியில் லோவிடமே தங்கிவிட்டது. 1981-இல் பால் அதை விலைக்கு வாங்கினார். பாட்டு வெளியுலகுக்கு வந்தது 1995-இல், ‘ஆந்தாலஜி 1’ தொகுப்பில், கொஞ்சம் வெட்டிச் சுருக்கப்பட்டு.

இன்னொன்று. இந்தப் பாட்டு மெக்கார்ட்னி, ஹாரிசன் இருவர் பெயரிலும் இருக்கிறது. எழுதியது தாமே என்றும், இடையில் வரும் கிட்டார் வாசிப்பு ஜார்ஜுடையது என்பதால் அவர் பெயரும் சேர்ந்தது என்றும் பால் பிற்காலத்தில் சொன்னார். உங்கள் பாட்டில் யார் யார் பெயர் வரும் என்பதை நால்வரும் இப்போதே பேசிவிடுங்கள். அப்புறம் ஒரே போனை நடுவில் வைத்துப் பதிந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா